பைலட் வேலைக்கான இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராவது? ஆள் எடுக்கும் முறை எப்படி இருக்கும்?

கேள்வி கேட்ட தம்பி ஈரோட்டுப் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) கைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறதாம், ஒரு இன்டர்வியூவும் இன்னும் போகவில்லையாம். "அவங்க என்னதான் எதிர்பார்க்கறாங்க?" என்று முடித்திருக்கிறார்.

எனக்கு அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் ஒரு ஊர். அப்பாவுக்குத் தறிக்குடோன். இப்போது ஏ320 ஜெட் விமானத்தில் கோ-பைலட்டாக இருக்கிறேன். 2022இல் முதல் இன்டர்வியூ போய்த் தோற்றேன், அடுத்த வருடம் வேறொரு கம்பெனியில் தேறினேன். தோற்ற கதையில்தான் உங்களுக்கு அதிகம் பயன் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் படிகளைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும், ஆனால் சரக்கு ஒன்றுதான். ஆன்லைனில் விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, கம்ப்யூட்டரில் மனோதிடமும் கை-கண் ஒருங்கிணைப்பும் பார்க்கும் சோதனை, சில இடங்களில் குழுவாக ஒரு வேலையைச் செய்யச் சொல்வது, சிமுலேட்டர், பேனல் முன்னால் இன்டர்வியூ, கடைசியில் கம்பெனி மெடிக்கல். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் குறைந்துகொண்டே வருவார்கள். டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதி) இல்லாதவர்களையும் எடுக்கிறார்கள். அந்தப் பயிற்சிச் செலவு யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் நிதானமாகப் படியுங்கள். "இத்தனை லட்சம் கொடுத்தால் வேலை உறுதி" என்று போன் செய்கிற இடைத்தரகர் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

எழுத்துத் தேர்வுக்குப் பயப்பட வேண்டாம். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் தாள்களில் 70 சதவீதம் எடுத்துத்தானே இங்கே வந்திருக்கிறீர்கள். ஆனால் கேள்வித் தொகுப்பை மனப்பாடம் செய்து எடுத்த 70 ஆக இருந்தால், அது பேனல் முன்னால் வெளுத்துவிடும். நேவிகேஷனையும் மெட்டையும் (வானிலைப் பாடம்) மறுபடி முதலிலிருந்து படியுங்கள். 35,000 அடியிலிருந்து இறங்க எவ்வளவு தூரத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்றால், 35ஐ மூன்றால் பெருக்கி 105 நாட்டிக்கல் மைல் என்று பேச்சோடு பேச்சாக வர வேண்டும். பேனாவைத் தேடக்கூடாது.

கம்ப்யூட்டர் சோதனையில் ஒரு கையால் புள்ளியை வட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும், காதில் எண்கள் வந்துகொண்டே இருக்கும், நடுவே கணக்கும் கேட்பார்கள். கூட வந்த பையன்கள் கிறுகிறுத்துப் போனார்கள். எனக்கு அது அவ்வளவு புதிதாக இல்லை. எங்கள் குடோனில் ஆறு தறிக்கு ஒரு ஆள். ஒன்றில் பாவு இழை அறுந்து நீங்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாலும், மற்ற ஐந்தின் சத்தத்திலும் காது இருக்க வேண்டும். ஒரே தறியில் கண்ணை ஒட்டவைத்தவன் துணியைக் கெடுப்பான். சிமுலேட்டரிலும் இதுதான் கதை. செஸ்னா மாதிரி சின்னப் பயிற்சி விமானம் ஓட்டிய கைக்கு ஜெட்டின் வேகம் திகைப்பாக இருக்கும். ஸ்பீடு கொஞ்சம் கூடிவிட்டது என்று அதையே வெறித்துப் பார்த்தால், அதற்குள் உயரம் 200 அடி போயிருக்கும். நீங்கள் கச்சிதமாக ஓட்ட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒருமுறை திருத்திச் சொன்னதை அடுத்த டர்னில் செய்கிறீர்களா என்று பார்ப்பார்கள். என்னைச் சோதித்தவர் முதல் ஸ்டீப் டர்னில் உயரம் போனதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இன்னொன்று இடப்பக்கம் போடுங்கள்" என்றார், அவ்வளவுதான்.

சரி, பேனலுக்கு வருவோம்.

முதல் இன்டர்வியூவில் என்னிடம், "கிரிட்டிகல் என்ஜின் என்றால் என்ன?" என்று கேட்டார்கள். எது நின்றுபோனால் விமானத்தைச் சமாளிப்பது அதிகக் கடினமோ அந்த என்ஜின். இரண்டு புரொப்பெல்லரும் விமானி பக்கமிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றினால் இடது என்ஜின்தான் கிரிட்டிகல், சரியாகவே சொன்னேன். "ஜெட்டில்?" என்றார் ஒருவர். ஜெட்டில் புரொப்பெல்லரே இல்லை, அந்தக் காரணமே அங்கே எழாது. எனக்கு அது தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "அதிலும் இடதுதான் சார்" என்றேன். "ஏன்?" என்றார். காற்றோட்டம் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் தலையாட்டி, "மேலே சொல்லுங்கள்" என்றார். நானும் சொல்லிக்கொண்டே போனேன். கிணற்றுக்குள் கயிறு விட்டுக்கொண்டே இருந்தார் மனுசர், நானும் இறங்கிக்கொண்டே இருந்தேன். நாலு நிமிடம் இருக்கும். இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. நம் பக்கம் கடைக்காரரிடம் "தெரியலீங்க" என்று நாளைக்குப் பத்து முறை சொல்கிறோம். அந்த அறையில் அது ஏன் வரவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. "எனக்குத் தெரியாது சார், மேனுவலில் பார்த்துச் சொல்கிறேன்" என்ற பதிலுக்கு யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுகிறவனோடு இரவு இரண்டு மணிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார யாருக்கும் விருப்பம் இருக்காது.

அன்று என்னை நிஜமாகக் கவிழ்த்தது அடுத்த கேள்வி. பேனலில் ஒரு பெண் கேப்டன் இருந்தார். கோழிக்கோடு விபத்து அறிக்கையைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். 2020 ஆகஸ்ட் 7, துபாயிலிருந்து வந்த 737 விமானம். மழையில் பின்காற்றோடு இறங்கி, ரன்வேயில் பாதியைத் தாண்டித் தொட்டு, மேட்டின் மேல் இருக்கும் அந்த ரன்வேயின் முனையைக் கடந்து கீழே விழுந்து உடைந்தது. இரண்டு பைலட்டுகளும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள். கோ-பைலட் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது) சொல்லியும் கேப்டன் தொடர்ந்து இறக்கினார், கோ-பைலட்டும் கன்ட்ரோலைத் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை என்று அறிக்கை சொல்கிறது. "அந்த வலது சீட்டில் நீங்கள். என்ன செய்வீர்கள்?"

நான் சொன்ன பதில்: "கேப்டனுக்கு அனுபவம் அதிகம். நான் என் கருத்தைச் சொல்வேன். முடிவு அவருடையது."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கோ-பைலட்டைக் குறை சொல்கிற இடத்தில் நான் இல்லை. அவரிடம் இருந்தவை சில விநாடிகள். எனக்கு ஏசி அறையில், நாற்காலியில், யோசிக்க நேரம் கொடுத்தும் அந்தப் பதில்தான் வந்தது. ஏன் வந்தது என்று பிறகு பல நாள் யோசித்தேன். "பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாதே கண்ணு" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அப்பிச்சி தப்பான பஸ்ஸில் ஏறினால்கூட, பின்னாலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொல்லிப் பழகிய ஆட்கள். விமானத்தில் அந்த மெதுவுக்கு நேரம் கிடையாது. அதற்காக மரியாதையை விட்டுவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். மரியாதை குரலில் இருக்கட்டும், செய்தி குறையக்கூடாது. முதலில் உண்மையை மட்டும் சொல்வது: "சார், ஸ்பீடு 15 நாட் அதிகம்." திருத்தவில்லையா, "அன்ஸ்டேபிள், கோ-அரவுண்ட்." பதில் இல்லையா, இன்னொரு முறை, உரக்க. அப்புறமும் இறங்கிக்கொண்டே போனால், "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி எடுத்துவிட வேண்டும். இந்த வரிசையைப் படித்து ஒப்பிக்க யாராலும் முடியும். வாயில் வர வேண்டுமே. பீளமேட்டில் நண்பனின் அறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, அவன் பிடிவாதக் கேப்டன், நான் கோ-பைலட் என்று ஒரு மாதம் பழகினோம். முதல் வாரம் சிரிப்புதான். "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று நான் சொன்னது பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டும் அளவுக்குப் போனது மூன்றாவது வாரத்தில்.

இரண்டாவது இன்டர்வியூ வேறு மாதிரி போனது. விண்ணப்பத்தில் கோயம்புத்தூர் என்று பார்த்ததும் அங்கிருந்தே பிடித்தார்கள். நீங்கள் ஈரோடு என்பதால் உங்களுக்கும் இது வரலாம். கோவை ரன்வே எண் என்ன? 05, 23. எதை வைத்து அந்த எண்? காந்த வடக்கு. மெட்டாரில் (ஏர்போர்ட் வானிலை அறிக்கை) வரும் காற்றின் திசை எந்த வடக்கு? உண்மை வடக்கு. டவர் வாயால் சொன்னால்? காந்த வடக்கு. இங்கேதான் பாதிப் பேர் தடுமாறுவார்கள். ஜூன், ஜூலையில் காற்று எங்கிருந்து? மேற்கு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக. மலைத்தொடர் முழுக்கத் தடுத்து நிற்க, அந்த ஒரு சந்தில் காற்று நெருக்கியடித்துக்கொண்டு வேகமெடுத்து வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். 270 பாகையிலிருந்து 20 நாட் காற்று, ரன்வே 23, அதாவது 230 பாகை, குறுக்குக் காற்று எவ்வளவு? 40 பாகை வித்தியாசம். பாகையை நிமிடமாக எடுத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 40 நிமிடம் என்பது மூன்றில் இரண்டு பங்கு. சுமார் 13 நாட். கடைசியாக, சித்திரை வெயிலில் 36 டிகிரி, கோவையின் உயரம் சுமார் 1,320 அடி, விமானத்துக்கு அது எவ்வளவு உயரமாகத் தெரியும்? அந்த உயரத்துக்கு இயல்பான வெப்பம் 12.4. 23.6 டிகிரி கூடுதல், டிகிரிக்கு 120 அடி. அதை 1,320ஓடு கூட்டினால் 4,100 அடிக்கு மேல். அவ்வளவு மெல்லிய காற்றில் ஓட்டமும் நீளும், ஏற்றமும் குறையும். இப்படி உங்கள் ஊர் ஏர்போர்ட்டையும் நீங்கள் பயிற்சி எடுத்த ஏர்போர்ட்டையும் அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள் என்றும் கேட்டார்கள். "ரொம்பக் கடினமாக உழைப்பேன், அதுதான் என் குறை" என்ற பதில் வேண்டாம், அவர்கள் அதை ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். பயிற்சியில் ஒரு கிராஸ் கன்ட்ரியில் (வேறொரு ஊர் வரை பறக்கும் பயிற்சி) நான் கியூஎன்ஹெச் (உயரம் காட்டும் மீட்டரில் வைக்க வேண்டிய காற்றழுத்தம்) 1003ஐ 1013 என்று காதில் வாங்கி வைத்துவிட்டேன். திரும்பப் படித்தபோது டவரும் கவனிக்கவில்லை. பத்து மில்லிபார் என்றால் சுமார் 300 அடி. இருப்பதைவிட 300 அடி உயரத்தில் இருப்பதாக மீட்டர் காட்டிக்கொண்டிருந்தது. சர்க்யூட்டில் (இறங்குவதற்கு ஏர்போர்ட்டைச் சுற்றி வரும் பாதை) சேர்ந்தபோது, கீழே தெரிய வேண்டிய பக்கத்து விமானம் எனக்குச் சமமாகத் தெரியவே சந்தேகம் வந்து மறுபடி கேட்டேன். அதிலிருந்து எந்த எண்ணையும் கேட்டவுடன் பேடில் எழுதி, முன்பு கிடைத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம். இதைச் சொன்னதும் பேனலில் ஒருவர் தன் கதை ஒன்றைச் சொன்னார். அதற்குப் பிறகு அது இன்டர்வியூ மாதிரியே இல்லை.

தமிழ்வழி என்று தயங்க வேண்டாம். விமானிகளுக்கான ஆங்கிலத் தேர்ச்சியில் நிலை 4 போதும். யாரும் உச்சரிப்புக்கு மாலை போடுவதில்லை. மெதுவாக, சின்ன வாக்கியங்களில் பேசுங்கள். அமெரிக்கக்காரன் மாதிரி பேச முயன்ற ஒரு பையனை அங்கே பார்த்தேன், பாவமாக இருந்தது.

மெடிக்கலில் எனக்கு ஒரே பயம் காது. சின்ன வயதிலிருந்து தறிச் சத்தத்தில் கிடந்தவன். லைசென்ஸுக்கான கிளாஸ் 1 மெடிக்கல் எடுத்தபோதே தேறியிருந்தாலும், கம்பெனி மெடிக்கலில் அந்தச் சின்ன அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது மூச்சுக்கூட விடவில்லை. தேறியது. இப்போது ஊருக்குப் போனால் காதில் பஞ்சோடுதான் குடோனுக்குள் நுழைகிறேன், அப்பா சிரிக்கிறார். ஒறம்பரை வந்தால் "ஏங்கண்ணு, எப்ப பிளேன் ஓட்டப் போற?" என்று கேட்டதெல்லாம் ஓய்ந்து, "எப்பக் கண்ணாலம்?" ஆரம்பித்திருக்கிறது.

லாக்புக் பற்றி ஒன்று. இரவு மணி, தனியாகப் பறந்த மணி, கிராஸ் கன்ட்ரி மணி, எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகக் கூட்டிப் பாருங்கள். என்னிடம் ஒரு தேதியைச் சுட்டி, அன்று யார் இன்ஸ்ட்ரக்டர், என்ன பயிற்சி என்று கேட்டார்கள். ஒரு பக்கத்தின் கூட்டலில் நாற்பது நிமிடம் இடித்ததை முந்தைய வாரம்தான் நான் கண்டுபிடித்துத் திருத்தி வாங்கியிருந்தேன்.

அப்புறம், நீங்கள் எழுதியதில் என்னை உறுத்தியது அந்த எட்டு மாதம். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (ஐஆர், வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கும் தகுதி) ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். உங்கள் ஐஆர் டெஸ்ட் எந்தத் தேதியில் முடிந்தது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அது முடியப்போகிறது என்றால் வேறு எதையும் படிப்பதற்கு முன்னால் புதுப்பிக்க ஸ்லாட் கேட்டுப் போன் போடுங்கள்.