ஈரமான மூலை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

போன மாதம் எங்கள் வீட்டில் எல்லாமே ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. மிக்ஸி புகைந்தது. மகன் என் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்தான். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தரை எப்போதும் ஈரம். ஹோஸ் கசிகிறது என்று பிளம்பரை வரச்சொல்லி மாற்றினோம். மறுபடியும் ஈரம். அவரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். கடைசியில் பார்த்தால், எங்கள் 14 வயதுப் பூனை அங்கேதான் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தாள். கிட்னி போய்விட்டது என்றார் டாக்டர். சில நாட்களில் இறந்துவிட்டாள். அன்று எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த வாரம் பாத்ரூம் குழாயின் திருகு கையோடு வந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். “பூனைக்கு அழாதவள் குழாய்க்கு அழுகிறாயே” என்றார் கணவர். அவர்தான் இன்னமும் ராத்திரி படுக்கையறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டுப் படுக்கிறார். 5 வயது மகனிடம் பூனை தூங்குகிறது என்று சொல்லிவிட்டேன். இப்போது அவன் தூங்கப் பயப்படுகிறான். வரும் ஞாயிறு ஒரு குட்டியைக் கொண்டுவருகிறேன் என்கிறார் நாத்தனார். பிளம்பரைக் கூப்பிட்ட அன்றே டாக்டரிடம் போயிருந்தால் பிழைத்திருப்பாளா?

(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நோய் குணமாகியிருக்காது. வயதான பூனைகளுக்கு வரும் நாள்பட்ட சிறுநீரக நோயைத் தீர்க்க மருந்து இல்லை. உணவை மாற்றி, உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டு, அதன் வேகத்தைக் குறைக்கலாம். முன்னாலேயே தெரிந்திருந்தால் கொஞ்ச காலம் கூடக் கிடைத்திருக்கலாம். அதை மறைத்து ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் முன்னாலேயே தெரிவதுதான் கஷ்டம். சிறுநீரகத்தின் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நின்ற பிறகுதான் பூனை அதிகமாகத் தண்ணீர் குடிக்கவும் அதிகமாகச் சிறுநீர் கழிக்கவும் ஆரம்பிக்கும். சிறுநீரைச் செறிவாக்கும் திறன் போய்விடுவதால் அது நீர்த்து, நிறமும் வாடையும் குறைந்து, கிட்டத்தட்டத் தண்ணீராகவே தெரியும். ஹோஸுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு ஈரம் கிடந்தால் ஹோஸைத்தான் சந்தேகப்படுவோம். பூனையும் உடம்புக்கு முடியவில்லை என்று லேசில் காட்டிக்கொள்ளாது. பிளம்பருக்கு வேண்டுமானால் நீங்கள் ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருக்கிறீர்கள்.

(வயதான பூனை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு: தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியானாலோ, தூக்கும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டாலோ, ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிடுங்கள்.)

குழாய்க்கு அழுததில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பூனை உங்களோடு வாழ்ந்ததே இந்த வேலைகளுக்கு நடுவில்தான். மடித்துவைத்த துணிமேல் படுப்பாள், பெருக்கும்போது விளக்குமாற்றைப் பிடிப்பாள், குழாயைத் திறந்தால் எங்கிருந்தோ வந்து நிற்பாள். இறந்த அன்று உங்களுக்குத் தலைக்குமேல் வேலை: எங்கே புதைப்பது, பையனிடம் என்ன சொல்வது, டாக்டருக்குப் பணம் கொடுத்தாயிற்றா. அழ இடமே இருந்திருக்காது. திருகு கையோடு வந்தபோதுதான் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது.

“பூனைதானே” என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. சுற்றியிருப்பவர்கள் துக்கமாகவே ஒப்புக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இல் ஒரு நூல் தொகுத்தார். வளர்ப்புப் பிராணியின் சாவு அந்த வகையைச் சேர்ந்தது. விடுப்பு கேட்க முடியாது, துக்கம் விசாரிக்க ஆள் வராது, நாலு பேரிடம் சொல்லவும் கூச்சமாக இருக்கும்.

கணவரைப் பற்றி நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. அந்த ஒரு சாண் கதவு பழக்கதோஷமாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். ஆராய்ச்சி செய்து அவர்முன் வைக்காதீர்கள். ஆண்கள் பலர் அப்படிப் பிடிபட்டால் மறுநாளே கதவைச் சாத்திவிடுவார்கள்.

அவசரம் பையன் விஷயம்தான். இன்றைக்கே மாற்றிச் சொல்லிவிடுங்கள். “தூங்குகிறாள் என்று சொன்னது சரியில்லை. அவள் செத்துப்போய்விட்டாள். அவள் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. இனி அவளுக்குப் பசிக்காது, வலிக்காது. திரும்பி வர மாட்டாள். நாம் தூங்குவது வேறு. உன் உடம்பு ராத்திரியிலும் வேலை செய்யும், காலையில் எழுந்துவிடுவாய்.” இவ்வளவு போதும். சாவு என்றால் திரும்பி வராதது என்பது இந்த வயதில் பல குழந்தைகளுக்கு இன்னும் பிடிபட்டிருக்காது. அதனால் நாளைக்கும் “எப்போ வருவா?” என்பான், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்பான், விருந்தாளி முன்னால் கேட்பான். ஒவ்வொரு தடவையும் அதே பதில், அதே வார்த்தைகள். சலிப்பாக இருந்தாலும் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். நட்சத்திரமாகிவிட்டாள் என்றெல்லாம் சொன்னால் ஜன்னலோரம் நின்று கூப்பிட ஆரம்பிப்பான். “ஹோஸ் சரியில்லாததால் செத்தாளா?” என்றோ, “நான் வாலை இழுத்ததாலா?” என்றோ கேட்கவும் கூடும். இல்லை என்று அடித்துச் சொல்லுங்கள். அவன் முன்னால் உங்களுக்கு அழுகை வந்தால் பாத்ரூமுக்குள் ஓட வேண்டியதில்லை. எதற்கு அழுகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் குட்டி வேண்டாம். நாத்தனாருக்கு நல்ல மனசு, மறுக்கச் சங்கடம்தான். ஆனால் இப்போது அது வந்தால் நாளெல்லாம் ஒப்பீடுதான் நடக்கும்: அவள் இப்படிக் கடிக்க மாட்டாள், அவள் இந்த இடத்தில் படுக்க மாட்டாள். பாவம், அந்தக் குட்டிக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்? தவிர, இறந்ததற்குப் பதில் இன்னொன்று உடனே வந்துவிடும் என்று பையனும் நினைத்துக்கொள்வான். கொஞ்ச நாள் போகட்டும் என்று நாத்தனாரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால், கணவரைப் பேசச் சொல்லுங்கள், அவருடைய தங்கைதானே.