ஆசிரியர் ஆகப்போகிறவர்களின் முதலாண்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து இந்த ஆண்டு பி.எட். சேர்ந்திருக்கிறேன். இயற்பியல் கற்பிக்கும் முறைகளை எதிர்பார்த்து வந்த எனக்கு, பியாஜே, வைகாட்ஸ்கி, எரிக்சன் என்று உளவியலாளர்களின் பெயர்களையும் வளர்ச்சிப் பருவங்களையும் மனப்பாடம் செய்வதிலேயே பொழுது போகிறது. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த இவையெல்லாம் எதற்கு? (மாணவி, விருதுநகர்)

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானதே. ‘குழந்தைப் பருவமும் வளர்தலும்’, ‘கற்றலும் கற்பித்தலும்’ ஆகிய தாள்கள் பல கல்லூரிகளில் ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் வினாக்களுக்கான குறிப்புகளாகச் சுருங்கிவிட்டன. பியாஜேயின் நான்கு நிலைகளை வயதோடு வரிசையாக எழுதிவிடும் மாணவர், அந்த நிலைகள் எதைப் பார்த்து வகுக்கப்பட்டன என்று கேட்டால் திகைத்து நிற்பதைக் காணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

பியாஜே செய்தது மிக எளிய சோதனை. ஒரே மாதிரியான இரண்டு குவளைகளில் சம அளவு நீர் ஊற்றி, ஒன்றிலுள்ள நீரைக் குழந்தையின் கண் முன்னாலேயே உயரமான, ஒடுங்கிய குவளைக்கு மாற்றிவிட்டு, இப்போது எதில் அதிகம் என்று கேட்டார். ஐந்து வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் உயரமான குவளையைக் காட்டுவார்கள். ஏழு, எட்டு வயதில் ‘ஊற்றினதுதானே, இரண்டும் ஒன்றுதான்’ என்பார்கள். இதை ஒருமுறை நீங்களே உங்கள் தெருவிலுள்ள ஒரு குழந்தையிடம், அதன் பெற்றோர் அனுமதியோடு, செய்து பாருங்கள். புத்தகத்தின் பத்துப் பக்கங்கள் சொல்லாததை அந்தப் பதில் சொல்லிவிடும். குழந்தை கவனக்குறைவாக இருப்பதில்லை. தனக்கென ஒரு தருக்கத்தோடு யோசிக்கிறது.

இதோடு கதை முடிவதில்லை என்பதும் உங்கள் பாடத்திற்குள் வர வேண்டியது. 1970-களில் ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்சனும் அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் மெக்காரிகிளும் இதே வகைச் சோதனையை, சம எண்ணிக்கையில் இரண்டு வரிசையாக அடுக்கிய வட்ட வில்லைகளைக் கொண்டு சற்று மாற்றிச் செய்தார்கள். வில்லைகளின் வரிசையை ஆய்வாளர் தாமே கலைக்காமல், குறும்புக்காரப் பொம்மைக் கரடி ஒன்று வந்து தற்செயலாகக் கலைத்துவிட்டதுபோல் காட்டியபோது, நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் முன்பைவிட மிக அதிகமானோர் எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் எதையோ வேண்டுமென்றே மாற்றிவிட்டு, கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டால், தன் முதல் பதில் தவறு போலிருக்கிறது என்று குழந்தை எண்ணிவிடக்கூடும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. வகுப்பில் சரியான விடை சொன்ன மாணவனிடம் ‘நன்றாக யோசித்துச் சொல்’ என்று நாம் திரும்பக் கேட்டவுடன் அவன் விடையை மாற்றிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். பியாஜேயைப் படிப்பதன் பயன் அவரோடு முரண்பட்டவர்களையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் முழுமையாகக் கிடைக்கிறது.

இனி உங்கள் எட்டாம் வகுப்பு. மேலே எறிந்த பந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, கையிலிருந்து பெற்ற விசை அதற்குள் இருந்து அதை இன்னும் மேலே தள்ளுகிறது என்று பெரும்பாலான மாணவர்கள் தவறாக நம்புகிறார்கள். கல்லூரி மாணவர்களிடமும் இந்த நம்பிக்கை நீங்குவதில்லை என்பதை இயற்பியல் கல்வி ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. நியூட்டனின் முதல் விதியைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவரிடமும் அந்த நம்பிக்கை அப்படியே இருக்கும், ஏனென்றால் அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. நீங்கள் எம்.எஸ்சி.யில் கற்ற இயற்பியல் விதியைச் சரியாகச் சொல்ல உதவும்; எதிரே உட்கார்ந்திருப்பவர் ஏற்கெனவே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கத்தைத் தர வேண்டியவை நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்த இரண்டு தாள்களே. வைகாட்ஸ்கியையும் இந்த நோக்கில் படியுங்கள்: மாணவர் தனியாகச் செய்ய முடியாமல், சிறிது துணை இருந்தால் செய்துவிடக்கூடியது எது என்று கண்டறிவதே அவர் ஆசிரியருக்கு விட்டுச்சென்ற வேலை.

கேள்வி: என் மகள் பி.ஏ. முடித்திருக்கிறாள். சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆசைப்படுகிறாள். பி.எட். படித்தால் தொடக்கப் பள்ளியிலும் வேலை பார்க்கலாமா? (தாய் ஒருவர், திருவாரூர்)

பதில்: ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க விரும்பினால் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பே அவருக்கு உரிய வழி. பி.எட். முடித்தவர்களும் தொடக்க வகுப்புகளுக்கு வரலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018-இல் வெளியிட்ட அறிவிக்கையை ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றம் அந்த முடிவை உறுதி செய்தது. எழுத்தும் எண்ணும் முதன்முதலாகக் கற்பிப்பது தனிப் பயிற்சி வேண்டும் துறை என்பதால் இத்தீர்ப்பை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். பட்டயம் பெற்ற பின், ஆசிரியர் தகுதித் தேர்வில் முதல் தாளை எழுத வேண்டும்.

கேள்வி: நான் கணித மாணவன். ‘கலைத்திட்டம் முழுவதும் மொழி’ என்று ஒரு தாள் இருக்கிறது. தமிழாசிரியர் செய்ய வேண்டிய வேலையை எங்கள் தலையில் கட்டுவது ஏன்? (பி.எட். மாணவர், சேலம்)

பதில்: மொழியைக் கற்பிப்பது எல்லாப் பாட ஆசிரியர்களின் பொறுப்பு என்ற கருத்தை இங்கிலாந்தில் 1975-இல் வெளிவந்த புல்லக் அறிக்கை வலுவாக முன்வைத்தது. நம் பி.எட். பாடத்திட்டத்தில் அது தனித் தாளாக இடம்பெற்றது, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளால் படிப்பு ஈராண்டாக மாறிய பிறகு.

உங்கள் பாடத்திலிருந்தே ஒரு கணக்கைப் பாருங்கள். ‘கவிதாவிடம் 12 புத்தகங்கள் உள்ளன. அது முருகனிடம் உள்ளதைவிட 5 அதிகம். முருகனிடம் எத்தனை?’ என்று கேட்டால், கழித்தல் நன்றாகத் தெரிந்த குழந்தைகளிலேயே பலர் 17 என்று எழுதுவார்கள். அவர்களுக்கு மேலும் இருபது கழித்தல் கணக்குகள் கொடுப்பது வீண். இரண்டாவது வாக்கியத்தில் எது எதோடு ஒப்பிடப்படுகிறது என்று நிதானமாகப் படிக்கப் பழக்குவதே அவர்களுக்குத் தேவை. அந்த வகுப்பில் அப்போது தமிழாசிரியர் இருக்கமாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள். ஆகவே இந்தத் தாளுக்கான ஒப்படைப்பைப் பொதுவான கட்டுரையாக எழுதாமல், ஏழாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் ஓர் இயலை எடுத்து, மாணவர்கள் தடுக்கி விழக்கூடிய வாக்கியங்களைக் குறித்து எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பெயரில் உடன்படிக்கும் தோழிகளையே மாணவர்களாக உட்காரவைத்து நடத்துவது நாடகம் போலிருக்கிறது. உண்மையான பள்ளிக்கு நேராக அனுப்பிவிட்டால் என்ன? (மாணவி, தூத்துக்குடி)

பதில்: 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான இம்முறை, ஒரு நேரத்தில் ஒரு திறனை மட்டும் பழகுவதற்கானது. நம் நாட்டில் வழக்கமான சுற்று 36 நிமிடம்: 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டம், பிறகு மறுகற்பித்தலுக்கும் அதற்கான பின்னூட்டத்திற்கும் ஆறாறு நிமிடங்கள். பல இடங்களில் நேரமில்லை என்று மறுகற்பித்தலை விட்டுவிட்டு, அதையும் செய்ததாகப் பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள். குறைகளைக் கேட்டுக்கொண்டு அதே ஆறு நிமிடங்களை இரண்டாம் முறை நடத்துவதில்தான் இம்முறையின் உயிரே இருக்கிறது என்பதால், அதை விட்டுவிட்டால் நீங்கள் சொல்வதுபோல் நாடகம் மட்டுமே மிஞ்சும். தோழிகளோடு சேர்ந்து அந்த இரண்டாம் சுற்றை நீங்களே வற்புறுத்திக் கேட்டுப் பெறுங்கள்.

பள்ளிக்கும் போகத்தான் போகிறீர்கள்: ஈராண்டில் குறைந்தது 20 வாரங்கள் பள்ளி சார்ந்த பணிக்கென ஒழுங்குமுறையே ஒதுக்கியிருக்கிறது. அங்கே முதல் சில நாட்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நடத்துபவரைப் பார்க்காமல் கேட்பவர்களைப் பாருங்கள். ஒரு பாடவேளையில் யார் யாரிடம் கேள்வி போகிறது, யாரிடம் ஒருமுறைகூடப் போகவில்லை என்று இருக்கை வரைபடம் போட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு உங்கள் வகுப்பை ஒரு தோழி அதேபோல் குறிக்கச் சொல்லுங்கள்.