40 கிரெடிட் முடித்துவிட்டால் முதுகலைப் பட்டம் கிடைத்துவிடுமா?

நுண்ணுயிரியலில் இளங்கலை முடித்து, உயிரியலும் கணினியும் சேர்ந்த முதுகலையில் இப்போது சேர்ந்திருக்கிறீர்கள். கையேட்டில் 40 கிரெடிட் என்று போட்டிருக்கிறதே, அதோடு முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. எனக்கு முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இரவு வேலை முடிந்து வந்தும் தூங்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்களும் என்னைப் போல வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர், கணினிப் பக்கம் புதிது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டில் படிப்பது, அசைன்மென்ட், தேர்வு எல்லாம் அதில் அடக்கம். அப்படியானால் 40 கிரெடிட்டுக்கு 1,600 மணி நேரம். பாடமும் ஆய்வும் கலந்த முறைக்கும் இதுதான் எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. முழுக்க ஆய்வு முறை என்றால் கிரெடிட் கணக்கே கிடையாது. சராசரி மதிப்பெண் புள்ளி (சி.ஜி.பி.ஏ.) 3.00க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆய்வு முறையியல் பாடம், புரொபோசல் டிஃபென்ஸ் (ஆய்வுத் திட்டத்தை விளக்கி ஒப்புதல் வாங்குவது), ஆய்வேடு, வைவா (வாய்மொழித் தேர்வு), திருத்தம் எல்லாம் வரிசையாக வரும். இதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆளைக் கவிழ்ப்பது அந்த 40க்கு வெளியே நிற்கும் பாடங்கள்தான்.

வேறு துறையிலிருந்து கணினிக்கு வருகிறவர்களை முன்தேவைப் பாடங்கள் எடுக்கச் சொல்வார்கள். நிரலாக்கம், டேட்டா ஸ்ட்ரக்சர் (கணினியில் தரவை அடுக்கி வைக்கும் முறைகள்), டேட்டாபேஸ் மாதிரி. எங்கள் திட்டத்தில் இவற்றுக்குக் கிரெடிட் எதுவும் சேராது. ஆனால் தேர்ச்சி பெறாமல் பட்டம் இல்லை.

நான் சேர்ந்தது 2017 செப்டம்பரில். பினாங்குத் தீவில் ஒரு பல்கலைக்கழகம். அரசாங்கமா தனியாரா என்றுகூடச் சொல்லப்போவதில்லை, அங்கே எனக்கு நல்லது செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆய்வு, டிங்கி வைரஸின் மரபுத்தொடர்களை, அதாவது அதன் மரபணு எழுத்து வரிசைகளை, ஒப்பிடுவது. முதன்மை மேற்பார்வையாளர் உயிரியல் துறை, இணை மேற்பார்வையாளர் கணினித் துறை. முதல் செமஸ்டரிலேயே முன்தேவைப் பாடம் பற்றிக் கேட்டேன். உயிரியல் பக்கம், "அது கணினித் துறை விஷயம், அங்க கேளு" என்றார்கள். கணினிப் பக்கம், "நீ உயிரியலில் பதிந்த மாணவி, உனக்குக் கட்டாயம் இல்லை. வேணும்னா வகுப்பில் வந்து உட்கார்" என்றார்கள். நிரலாக்க வகுப்பில் உட்கார்ந்தேன், தேர்வும் எழுதினேன். டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு. பரிசோதனைக்கூட வேலையை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. கட்டாயம் இல்லை என்று சொன்ன பிறகு நானும் விட்டுவிட்டேன்.

2019 ஜூனில் வைவா முடிந்தது. சிறு திருத்தங்கள்தான், மூன்று வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். ஆகஸ்டில் பட்டமளிப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். முகப்பில் இருந்த கிராணி அக்கா கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர், பாடங்கள், நாற்பதுக்கு நாற்பது. அதற்குக் கீழே சிவப்பில் ஒரே வரி: "திடாக் லெங்காப்." முழுமையில்லை. டேட்டா ஸ்ட்ரக்சர். "ஆஃபர் லெட்டர் ரெண்டாவது பக்கம் பாக்கலயாம்மா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். 'துறை முடிவு செய்யும் பிற நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்று ஒரு வரி இருந்தது. எந்தத் துறை, எந்த நிபந்தனை, எதுவும் இல்லை.

இதைப் படித்ததும் "கையேட்டைப் படிக்காதது உன் தப்பு" என்று சிலர் சொல்வீர்கள். படித்தேன். இரண்டு துறைக்கும் இரண்டு கையேடு, இரண்டையும் படித்தேன். எந்தக் கையேடு எனக்குப் பொருந்தும் என்பதுதான் இரண்டிலும் இல்லை. எழுத்தில் கேட்டு வாங்காதது என் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரப் பிள்ளை என்றால், அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கும் என்று இந்த வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். கடைசியில் பிள்ளை பட்டினி கிடக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

அப்பா, தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை என்ற ஊரில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். வீட்டுச் சமையலறையில் தொங்கும் குதிரை காலண்டரில் பட்டமளிப்பு நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். முதலாளியிடம் லீவு சொல்லி, கூட ஓட்டுகிறவர்களுக்கு நாசி லெமாக் வாங்கித் தருவதாகவும் சொல்லியிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் என்னைத் திட்டவில்லை. "எத்தன மாசம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்த வட்டம் அப்படியே இருந்தது. அந்த மாதம் முடிகிறவரை தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

செப்டம்பரில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பில் உட்கார்ந்தேன். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அது நல்ல பாடம். அதை எடுக்கச் சொன்னதில் எனக்குக் கோபமே இல்லை. வைவாவில் கணினித் துறைத் தேர்வாளர் என்னைக் கேட்டிருந்தார்: "டிங்கி வைரஸ் தொடர் ஏறக்குறைய 11,000 எழுத்து. இரண்டு தொடர்களை, ஒன்றின் ஒவ்வொரு எழுத்தையும் மற்றதன் ஒவ்வொரு எழுத்தோடும் கட்டம் போட்டுப் பார்க்கும் ஸ்மித்-வாட்டர்மன் முறையில் ஒப்பிட்டால் எத்தனை கட்டம் நிரப்ப வேண்டும்? தொடர்களைத் தேடி ஒப்பிடும் பிளாஸ்ட் மென்பொருள் மட்டும் எப்படி அவ்வளவு வேகமாக முடிக்கிறது?" முதல் கேள்விக்குப் பெருக்கிச் சொன்னேன், 12 கோடிக்கு மேல். இரண்டாவதுக்கு வாயடைத்துப்போனேன். நான்கு வருடமாக பிளாஸ்ட் பயன்படுத்துகிறவள், "அது தோராய முறை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபரில் ஹேஷ் டேபிள் பாடம் நடந்தது. எதையும் முதலிலிருந்து தேடிக்கொண்டு போகாமல், இருக்க வேண்டிய இடத்தை நேரே போய்ப் பார்ப்பது. விரிவுரையாளர் பலகையில் கட்டங்கள் போட்டு முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. பிளாஸ்ட், தொடரைச் சின்னச் சின்னச் சொற்களாக வெட்டுகிறது. டிஎன்ஏவுக்கு வழக்கமாக 11 எழுத்து. அந்தச் சொற்களை அட்டவணையில் போட்டு வைத்து, பொருந்தும் இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் நீட்டிப் பார்க்கிறது. மற்ற கோடிக்கணக்கான கட்டங்களை அது தொடுவதே இல்லை. ஜூனில் சொல்லியிருக்க வேண்டிய பதில் எனக்கு அக்டோபரில் கிடைத்தது. முதல் செமஸ்டரில் அந்த வகுப்பில் இருந்திருந்தால் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமே வேறு மாதிரி வந்திருக்கும். இப்போதும் அந்த அத்தியாயத்தைத் திறந்து படிக்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்த செமஸ்டர் பாடப் புத்தகம் முழுவதையும் ஃபெர்ரியில்தான் படித்தேன். அப்போது, எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் ஏறினால் 1 வெள்ளி 20 காசு, திரும்பி வரும்போது கட்டணம் இருக்காது. பக்கமெல்லாம் திறந்த பெரிய ஃபெர்ரி, கடல் காற்றில் புத்தகத் தாளை முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படிப்பேன்.     

2020 பிப்ரவரியில் "லெங்காப்" ஆனது. மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. விழா தள்ளிப்போனது, பிறகு எனக்கு விழாவே நடக்கவில்லை. சான்றிதழ் போஸ் லாஜூ விரைவு அஞ்சலில் வந்தது. அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். உறையைப் பிரிக்காமல், நான் வேலை முடிந்து வரும்வரை சாமி மேடையில் வைத்திருந்தார்.

உங்களுக்கு வருகிறேன். இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். இரண்டு மேற்பார்வையாளர்களுக்கும், பட்ட மேற்படிப்பு அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சல், தனித்தனியாக வேண்டாம். நான் எந்தத் துறையில் பதிந்த மாணவர், எனக்கு எந்தக் கையேடு, கிரெடிட் இல்லாத முன்தேவைப் பாடங்கள் எவை, அதில் வகுப்பில் உட்கார்ந்தால் போதுமா தேர்வு எழுத வேண்டுமா, கட்டுரை வெளியிட வேண்டுமா என்று கேளுங்கள். முதலில் பதில் தராமல் இருந்தால் இரண்டு வாரம் கழித்து அதே மின்னஞ்சலை மறுபடி அனுப்புங்கள். வாயால் சொன்னதை நம்பி எந்தப் பாடத்தையும் விடாதீர்கள். நிரல் எழுதி ஆய்வு செய்வதாக இருந்தால் நிரல், தரவு இரண்டையும் எந்த வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள். என் தேர்வாளர்களில் ஒருவர் என் நிரலை ஓட்டிப் பார்த்தார், மற்றவர் திறக்கவே இல்லை.

டேட்டா ஸ்ட்ரக்சர் எடுக்கச் சொன்னால் முதல் செமஸ்டரிலேயே எடுத்துவிடுங்கள். இளங்கலைப் பிள்ளைகளுக்கான வகுப்பு, பெரும்பாலும் பகலில்தான் இருக்கும். வேலையிடத்தில் இப்போதே சொல்லி வையுங்கள்.