பள்ளிக்கூட வாசலிலிருந்து மகனை அழைத்து வந்துவிடலாமா?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன், ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை. 8 மாதங்களுக்கு முன் என் மனைவி, 9 வயது மகளையும் 4 வயது மகனையும் அழைத்துக்கொண்டு குடியாத்தத்தில் உள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது விவாகரத்து கேட்டு அவர் போட்ட வழக்கில் வேலூர் குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க விடாததால் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். சட்டப்படி அப்பாதான் காப்பாளர், பையனைப் பள்ளியிலிருந்து தூக்கி வந்துவிட்டால் வழக்கு நம் பக்கம் திரும்பும் என்கிறார் என் அண்ணன். செய்யலாமா?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

செய்யவே கூடாது. உங்கள் அண்ணன் சொல்வது சட்டத்தில் பாதி. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 6ஆம் பிரிவில் தந்தையை இயற்கைக் காப்பாளராகக் குறிப்பிடுவது உண்மை. ஆனால் 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது, 13ஆம் பிரிவோ குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. ஆகவே, மகனுக்கு 5 வயது முடிந்ததும் அவன் தானாக உங்களிடம் வந்துவிடுவான் என்றும் எண்ண வேண்டாம். பழகிய வீட்டையும் அக்காவையும் விட்டு அவனைப் பிரித்துக் கொண்டுவந்தால், உங்கள் மனைவி குழந்தையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரி, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அதைவிட, குழந்தையின் மனநிலையைப் பற்றி யோசிக்காத தகப்பன் என்ற எண்ணம் நீதிபதியின் மனத்தில் பதிந்துவிட்டால், அதை மாற்றப் பல வாய்தாக்கள் ஆகும்.

பிள்ளைகளைப் பார்க்கச் சட்டத்தில் நேரான வழி இருக்கிறது. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருப்பதால், வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள அதே நீதிமன்றத்தில், இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்கீழ் நீங்களே இடைக்கால மனு தாக்கல் செய்யலாம். வார இறுதியில் சில மணி நேரம், பள்ளி விடுமுறையில் சில நாட்கள், இடையில் தொலைபேசியிலோ வீடியோ அழைப்பிலோ பேசுவது என்று உங்கள் வேலை நேரத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒத்துவரும் ஏற்பாட்டை நாள், நேரம், இடம் உட்பட எழுதிக் கேளுங்கள். "பார்க்க அனுமதிக்க வேண்டும்" என்று மட்டும் பொதுவாகக் கேட்டுப் பெறும் உத்தரவு, ஒவ்வொரு வாரமும் புதிய சண்டைக்கே இடம் கொடுக்கும். குடும்ப நல நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது சட்டம். ஆலோசகர் முன் உட்காரும்போது மனைவியின் குறைகளை அடுக்காமல், இந்த ஏற்பாட்டைப் பற்றியே பேசுங்கள். தீர்ப்புக்குப் பிறகும் நிலைமை மாறினால் இவ்வகை உத்தரவுகளை மாற்றக் கேட்கலாம் என்பதால், முதல் உத்தரவில் நினைத்ததெல்லாம் கிடைக்கவில்லையே என்று மனம் உடைய வேண்டாம்.

நீதிபதி உங்கள் மகளைத் தனியே அழைத்துப் பேசக்கூடும். விவரம் தெரிந்த குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். பெரியவர்களின் வழக்கில் சாட்சி சொல்லும் பாரத்தை 9 வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றுவது எனக்குத் தாங்க முடியாத கொடுமையாகத் தெரிகிறது.

பணத்தை நிறுத்தியதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது. பார்க்க விட்டால்தான் பணம் என்பதைச் சட்டம் ஏற்காது, ஏனென்றால் பராமரிப்புத் தொகை மனைவிக்கு நீங்கள் செய்யும் உதவி அன்று, பிள்ளைகளின் உரிமை. மனு போட்ட நாளிலிருந்தே அதைக் கணக்கிட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது; வருமானம், சொத்து, கடன் விவரங்களை இருதரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. அதில் ஓவர்டைம் தொகையைக்கூட மறைக்காதீர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்ச உத்தரவு வந்த பிறகு போதிய காரணமின்றிக் கட்டத் தவறினால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க முடியும்.

எனவே, அடுத்த வாய்தாவுக்கு முன் உங்களால் இயன்ற தொகையை, கையில் கொடுத்தனுப்பாமல், மனைவியின் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். அந்தப் பதிவோடு சம்பளச் சீட்டுகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இதுவரை கட்டிய பள்ளிக் கட்டண ரசீதுகள் ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் வக்கீலைப் பாருங்கள்.