ஹாக்கன்ஷ்மிட்டைத் தோற்கடித்தது எண்ணெயா?

கேள்வி: தொழில்முறை மல்யுத்தத்தின் முதல் உலகச் சாம்பியன் எனப்படும் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட், எதிராளி உடம்பில் எண்ணெய் பூசி வந்ததால்தான் பட்டத்தைப் பறிகொடுத்தார் என்று படித்தேன். இது உண்மையா?

பதில்: அந்தப் புகாரைச் சொன்னவர் ஹாக்கன்ஷ்மிட்தான். 1908 ஏப்ரல் 3 அன்று சிகாகோவில் அமெரிக்கரான ஃபிராங்க் காட்சுடன் மோதியபோது, எதிராளியின் உடல் பிடிக்குள் நிற்காமல் வழுக்குகிறது என்று நடுவரிடம் முறையிட்டார். முகத்தில் நகத்தால் கீறினார், தலையால் முட்டினார் என்றும் குற்றம் சாட்டினார். காட்சின் முரட்டுத்தனம் ஊரறிந்தது என்பதால், இவற்றை முழுப் பொய் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அந்த ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது என்பதை மறக்கலாகாது. எஸ்தோனியாவில் பிறந்த ஹாக்கன்ஷ்மிட், இடுப்புக்குக் கீழே கை வைக்கக் கூடாத கிரேக்க-ரோமானிய முறையில் வளர்ந்தவர். 1904-இல் லண்டனில் அகமது மத்ராலி என்ற பெருமல்லரை ஒரு நிமிடம் முடிவதற்குள் தூக்கி எறிந்து, அவர் கையையே செயலிழக்கச் செய்தவர். காலைப் பிடிக்கவும் இடமளிக்கும் கேட்ச் முறையிலும் அவர் கைதேர்ந்தவர்தான். 1905-இல் நியூயார்க்கில் டாம் ஜென்கின்ஸை வென்று உலகப் பட்டம் பெற்றதே அம்முறையில்தான். ஆனால் காட்ச், பாதத்தைப் பற்றி முறுக்கும் பிடியில் பேர்பெற்றவர். அதோடு, தம் எடையை எதிராளியின் மேல் சாய்த்துச் சாய்த்தே அவரைக் களைப்படையச் செய்யும் பொறுமையும் அவருக்கு இருந்தது. சட்டென்று முடித்துப் பழகியவருக்கு அந்த நீண்ட இழுபறி ஒத்துவரவில்லை. முதல் சுற்றை விட்டுக்கொடுத்த ஹாக்கன்ஷ்மிட், அடுத்த சுற்றுக்குக் கோதாவில் இறங்கவே மறுத்துவிட்டார். எண்ணெய் இருந்திருந்தாலும், அவரைச் சாய்த்தது களைப்புதான் என்பதே என் கருத்து.

கேள்வி: பிறகு அவர் பழி தீர்த்துக்கொண்டாரா?

பதில்: இல்லை. 1911 செப்டம்பர் 4 அன்று, அதே சிகாகோவின் கமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஏறத்தாழ 30,000 பேர் முன்னிலையில் இருவரும் மீண்டும் மோதினர். பயிற்சியின்போது முழங்காலில் காயம்பட்டிருந்த ஹாக்கன்ஷ்மிட், அரை மணி நேரத்துக்குள் இரண்டு சுற்றுகளையும் இழந்தார். அதன்பின் மல்யுத்தத்தைக் கைவிட்டு, தத்துவ நூல்கள் எழுதுவதில் முனைந்தார். காட்ச் 1917-இலேயே காலமானார். ஹாக்கன்ஷ்மிட்டோ தொண்ணூறு வயது வரை வாழ்ந்து, 1968-இல் லண்டனில் மறைந்தார்.