லேப்டாப்புக்குள் இன்னொரு விண்டோஸ்: மாட்டிக்கொள்வேனா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சின்னதாக ஒரு கணக்கு ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி, வருமான வரி ரிட்டர்ன் வேலை. உதவிக்கு இரண்டு பேர். மூன்று லேப்டாப்பிலும் லேப்டாப் கம்பெனியே போட்டுத் தந்த விண்டோஸ் 11 ஹோமை அழித்துவிட்டு, இலவச இயங்குதளமான உபுண்டு போட்டோம். டாலி கணக்கு மென்பொருளுக்காகவும் டிஎஸ்சி டோக்கனுக்காகவும் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி சாதனம்) விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள், விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல, விண்டோஸ் ஓடுகிறது. அந்த விண்டோஸுக்கான கீ (ஆக்டிவேட் செய்யும் எண்), எஸ்.பி. ரோட்டுக் கடை ஒன்றில் 900 ரூபாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், பில் தரவில்லை. என்னுடையதில் அமைத்ததை அப்படியே குளோன் எடுத்து மற்ற இரண்டிலும் போட்டுவிட்டேன். ‘விர்ச்சுவல் மெஷினே சட்டவிரோதம்’ என்று நண்பர் பயமுறுத்துகிறார். மகனோ விர்ச்சுவல் மெஷினில் ஆப்பிளின் மேக்ஓஎஸ் இயங்குதளமும் வேண்டும் என்கிறான்.

பதில்: நண்பரின் பேச்சை விடுங்கள். விர்ச்சுவல் மெஷின் கூடாது என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதற்குள் எதை ஓட்டுகிறீர்கள், அதற்கு உங்கள் கையில் என்ன உரிமை இருக்கிறது என்பதுதான் கேள்வி.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புதான். நாவலும் விண்டோஸும் அங்கே ஒரே பந்தி. சட்டப்படி ஒரு பிரதி வைத்திருப்பவர், அது எதற்காகத் தரப்பட்டதோ அந்த வேலைக்காகவும் பேக்கப்புக்காகவும் நகல் எடுக்கலாம் என்று 52-வது பிரிவு அனுமதிக்கிறது. ஆக, விர்ச்சுவல் மெஷின் ஃபைலை ஹார்டு டிஸ்கில் பத்திரப்படுத்துவதில் தவறில்லை. அதே ஃபைல் உதவியாளரின் லேப்டாப்பில் தினமும் காலை பத்து மணிக்கு ஆன் ஆனால் அது பேக்கப் இல்லை, இன்னொரு விண்டோஸ்.

மைக்ரோசாஃப்டின் உரிம ஒப்பந்தம் இங்கே தெளிவாகவே இருக்கிறது. ஒரு லைசென்ஸுக்கு ஒரு சாதனம். அந்தச் சாதனம் நிஜமாகவும் இருக்கலாம், விர்ச்சுவலாகவும் இருக்கலாம். மூன்று விர்ச்சுவல் மெஷின் என்றால் மூன்று லைசென்ஸ். லேப்டாப்போடு வந்த விண்டோஸோ அந்த லேப்டாப்போடு கட்டுண்டது. ஒப்பந்தக் கணக்கில் விர்ச்சுவல் மெஷின் தனிச் சாதனம் என்பதால், ‘அதே லேப்டாப்தானே’ என்று வாதாடுவது கடினம். தனியாகக் கடையில் வாங்கும் ரீடெயில் பிரதியை மட்டும், பழைய இடத்திலிருந்து நீக்கிவிட்டு உங்களுடைய இன்னொரு சாதனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சரி, அந்த 900 ரூபாய் கீ. ‘ஆக்டிவேட் ஆகிவிட்டதே’ என்பீர்கள். பூட்டு திறந்தால் வீடு நம்முடையது ஆகிவிடுமா? பில் இல்லாத, யாருக்காக வெளியானது என்றே தெரியாத கீயை லைசென்ஸ் என்று எந்த நீதிமன்றத்திலும் நீட்ட முடியாது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு: குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கமோ வியாபாரமோ இல்லாதவருக்குச் சிறையைத் தவிர்க்க அந்தப் பிரிவிலேயே வழி உண்டு. ஆபீஸ் நடத்தும் உங்களுக்கு அது உதவாது. ‘தெரிந்தே’ என்ற சொல் இதுவரை உங்களைக் காப்பாற்றியிருக்கலாம். இந்தப் பதிலைப் படித்த பிறகு அதுவும் கொஞ்சம் கஷ்டம்தான்! கடைக்காரரின் வாட்ஸ்அப் செய்தியையும் யுபிஐ ரசீதையும் அழிக்காதீர்கள். ஏமாந்தவர் நீங்கள் என்று காட்ட அவைதான் இருக்கின்றன.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. தலைகீழாக மாற்றுங்கள். மூன்று லேப்டாப்பிலும் அவற்றோடு வந்த விண்டோஸ் ஹோமையே மறுபடி நிறுவுங்கள். புதிய லேப்டாப்புகளில் கீ பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், தானாக எடுத்துக்கொள்ளும். உபுண்டுவை விர்ச்சுவல் மெஷினுக்குள் வையுங்கள். அது எத்தனை பிரதி ஓடினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இல்லை, உபுண்டுதான் வெளியே இருக்க வேண்டும் என்றால், மூன்று ரீடெயில் லைசென்ஸை ஆபீஸ் பெயரில் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில் வாங்குவதைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. விர்ச்சுவல்பாக்ஸ் அடிப்படைத் தொகுப்பு ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருகிறது. ஆபீஸிலும் தாராளமாக ஓட்டலாம். கூடுதல் வசதிகள் தரும் அதன் ‘எக்ஸ்டென்ஷன் பேக்’ அப்படியல்ல. சொந்த உபயோகம், படிப்பு, சோதித்துப் பார்ப்பது, இவற்றுக்குத்தான் இலவசம். வியாபாரத்துக்கு விர்ச்சுவல்பாக்ஸை வெளியிடும் ஆரக்கிளிடம் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டும். டிஎஸ்சி டோக்கனை விர்ச்சுவல் மெஷினுக்குள் காட்டுவதற்காக அதை நிறுவியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 7-ஆம் பதிப்பிலிருந்து யுஎஸ்பி 2, 3 வசதி அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டது. பேக்கை நீக்கிவிட்டு டோக்கனைச் செருகிப் பாருங்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள் நிறுவும் துணை மென்பொருளான ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ வேறு, அதை நீக்க வேண்டாம்.

மகன் விஷயம். ஆப்பிளின் உரிமம் மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் கம்ப்யூட்டரில் மட்டுமே அனுமதிக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் அதைப் போட்டு விற்ற சைஸ்டார் நிறுவனம் அமெரிக்காவில் 2009-இல் தோற்றது. 2011-இல் மேல்முறையீட்டிலும் ஆப்பிளே ஜெயித்தது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வக்கீல்கள் எடுத்துக் காட்டுவார்கள். போதாததற்கு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்தால் நம் சட்டத்தின் 65ஏ பிரிவு தனியாக வரும். 2 ஆண்டு வரை சிறை. வீட்டில் யாரிடமாவது மேக் இருந்தால், அதற்குள் சொந்த உபயோகத்துக்கோ ஆப் எழுதிப் பழகவோ கூடுதலாக இரண்டு மேக்ஓஎஸ் வரை விர்ச்சுவலாக ஓட்ட ஆப்பிளே அனுமதிக்கிறது. ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் அவன் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.