கடகமும் கலையா, மாஸ்டர்?

எது கலை, எது இல்லை என்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். நான் தத்துவம் படித்தவன் அல்ல. யாழ்ப்பாணத்தில் படம் வரைந்து, பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்துக் காலம் தள்ளுகிறவன். அந்த இடத்தில் நின்றுதான் பதில் வரும்.

கேள்வி: மாஸ்டர், நான் ஓ.எல். படிக்கிறேன். போட்டோவில் கட்டம் போட்டுப் பென்சிலால் வரைவேன், அச்சொட்டாக வரும். "இது போட்டோக் கொப்பி, கலை இல்லை" என்கிறான் அண்ணா. உண்மையா?

பதில்: முதலில் அண்ணாவை அப்படி ஒன்று வரைந்து காட்டச் சொல்லு பிள்ளை. கட்டம் போடுவதில் குற்றமே இல்லை. எனக்கும் அந்த வேலை வரும். வீட்டில் ஆராவது மோசம்போனால், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முன்னம் படம் வேண்டும் என்று பழைய அடையாள அட்டையைக் கொண்டுவருவார்கள். முத்திரை அளவு முகம். மூக்கு ஒரு நிழல், காது தெரியாது. அந்த ஆச்சியை நான் கண்டதேயில்லை. கன்னத்து நிழல் கழுத்தோடு சேரும் இடத்தில் கோடு இழுப்பதா, இருட்டில் கரைய விடுவதா? மூக்குத்தியில் வெள்ளைப் புள்ளி விட்டால் பார்க்கிறவர் கண் நேரே அங்கேதான் போகும். கண்மணி வெளிச்சம் எடுபட வேண்டுமென்றால் மூக்குத்தியை அடக்க வேண்டும். அடக்கினால், "ஆச்சியின்ரை மூக்குத்தி எங்கை?" என்று மகள் கேட்பா. இதையெல்லாம் போட்டோ தீர்மானித்துத் தராது. நான்தான் தீர்மானிக்க வேண்டும், பிழைத்தால் பேச்சும் எனக்குத்தான். கலை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு.

உன் படத்தில் ஓர் இடத்தைத் தொட்டு, "இதை ஏன் இப்படி விட்டாய்?" என்று யாரும் கேட்டால் சொல்ல ஏதாவது இருக்கிறதா பார். "போட்டோவில் அப்படித்தான் இருந்தது" என்பது மட்டுந்தான் என்றால், இப்போதைக்குக் கைப்பழக்கம் நடக்கிறது. அதுவும் வேண்டும், விட்டுவிடாதே.

கேள்வி: கடையில் வாங்கிய, சிறுநீர் கழிக்கும் பீங்கானைக் கண்காட்சிக்குக் கொடுத்தவரைப் பெரிய கலைஞர் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எதுதான் கலை இல்லை?

பதில்: மார்செல் டுஷாமைச் சொல்கிறீர்கள். அந்தக் கதையைப் பாதியோடு விட்டுவிடுவார்கள். 1917, நியூயோர்க். 6 டொலர் கட்டினால் யாருடைய படைப்பையும் வைப்போம் என்று ஒரு சங்கம் அறிவித்தது. டுஷாமும் அதன் நிருவாகத்தில் இருந்தவர். பீங்கானை மல்லாத்தி, 'ஆர். மட்' என்று புனைபெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். சங்கம் சொன்ன சொல்லை மீறி அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். பீங்கான் பிறகு தொலைந்தே போயிற்று. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை பிரதிகள், பெரும்பாலும் 1964இல் செய்வித்தவை.

அவர் கையால் ஒன்றும் செய்யவில்லைத்தான். ஆனால் எந்தப் பொருள், எந்தப் பக்கம் மேலே, என்ன பெயர், யாரிடம் அனுப்புவது என்ற முடிவெல்லாம் அவருடையது. அதையே நாளைக்கு நீங்கள் செய்தால் எடுப்பதற்கு முடிவு ஒன்றும் மிச்சமில்லை. பிளம்பரைத்தான் கூப்பிடுவார்கள். இன்னொன்று, ஒன்றைக் கலை என்று ஒத்துக்கொண்டால் அது நல்லது என்றும் ஒத்துக்கொண்டதாகிவிடாது. மோசமான கலை எவ்வளவோ உண்டு. என் அலுமாரிக்குப் பின்னாலும் கிடக்கிறது.

கேள்வி: கலைப்படைப்பு என்று சுவரில் ஒட்டிய வாழைப்பழம் 62 இலட்சம் டொலருக்குப் போனதே?

பதில்: 2024 நவம்பரில் போனது, வாங்கியவர் சாப்பிட்டும் விட்டார். விலை வாங்குகிறவரைப் பற்றிய செய்தி, படைப்பைப் பற்றியது அல்ல. எங்கள் கப்பல் வாழைப்பழம் என்றால் நானும் யோசித்திருப்பேன்.

கேள்வி: எங்களுடைய ஆட்கள் யாராவது இப்படிப் பொருட்களை வைத்துச் செய்திருக்கிறார்களா?

பதில்: யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் செய்திருக்கிறார். 2004இல், எரிந்து மீண்ட எங்கள் பொது நூலகத்திலேயே. யாழ்ப்பாணத்துச் சனங்களிடமிருந்து அவரவர் வைத்திருந்த சாமான்களை வாங்கி அடுக்கிக் காட்டினார். டுஷாம் தேடியது யாருக்கும் உறவில்லாத பொருளை. இங்கே அப்படியில்லை, ஒவ்வொன்றும் ஒருவர் இடப்பெயர்வுகளுக்குள்ளும் எறியாமல் வைத்திருந்தது. கடையில் புதிதாக வாங்கி அடுக்கியிருந்தால் அந்த வேலையே நின்றிராது. செய்முறை ஒன்றுதான், சொல்வது முற்றிலும் வேறு.

கேள்வி: என் அம்மா பனையோலையில் கடகமும் நீத்துப்பெட்டியும் இழைப்பா. அதைக் கைப்பணி என்று கீழே வைக்கிறார்கள். கலரியில் வைத்தால் மட்டும் கலையாகிவிடுமா?

பதில்: அந்த வேலி நாங்கள் போட்டதில்லை. ஐரோப்பாவிலேயே 18ஆம் நூற்றாண்டில்தான் அது உறுதியாக எழுந்தது. 1746இல் பத்தோ என்ற பிரெஞ்சுக்காரர் ஓவியம், சிற்பம், இசை, கவிதை, நடனம் ஐந்தையும் நுண்கலை என்று ஒன்றாகச் சேர்த்தார். மற்றக் கைவேலைகள் வெளியே நின்றன. கைவினைஞரையும் கலைஞரையும் பிரித்ததே பிழை என்று வாதாடியவர்களில் முக்கியமானவர் கலை வரலாறு எழுதிய ஆனந்த குமாரசாமி, எங்கள் முத்துக்குமாரசுவாமியின் மகன்.

அம்மா சிவப்புச் சாய ஓலையை எந்த இழையில் நுழைக்கிறா, எங்கே நிறுத்துகிறா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒன்றைப்போல் இன்னொன்று வராமல் இருந்தால், அது கைபோன போக்கா, வேண்டுமென்று செய்ததா என்று கேளுங்கள். வேண்டுமென்று என்றால் கலரி தேவையில்லை. அதற்காக எல்லாக் கடகத்தையும் கலை என்று புகழவும் மாட்டேன். சந்தைக்கு ஒரே மாதிரி இழைத்துத் தள்ளுவது உழைப்பு. அதற்குப் பட்டம் வேண்டாம், சரியான விலை கொடுங்கள்.

கேள்வி: அப்படியானால் சாத்திரப்படி விக்கிரகம் செய்கிற ஆசாரியார்? அளவெல்லாம் நூலில் இருக்கிறது, அவர் எடுக்க முடிவே இல்லையே.

பதில்: நல்ல மடக்கு. ஆனால் தாளத்துக்கும் கணக்கு உண்டு, எல்லாத் தவில்காரருக்கும் அதே கணக்குத்தான். அப்புறம் ஏன் தட்சிணாமூர்த்தி வாசிக்கிறார் என்றால் கோயில் வீதி நிறைந்தது? அளவு, முகம் எவ்வளவு நீளம் என்று சொல்லும். உதட்டோரம் எவ்வளவு ஆழம் வெட்டினால் தீபம் ஆடும்போது சிரிப்புத் தெரியும் என்பதை உளிதான் தேட வேண்டும். விதி இருக்கும்போது சின்ன முடிவும் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: கடைசியில் எது கலை என்று யார் தீர்ப்புச் சொல்வது?

பதில்: ஒருதரம் சுங்கத்திணைக்களம் சொல்லிப் பார்த்தது. 1926இல் பிரான்குசியின் 'வானில் பறவை' என்ற வெண்கலச் சிற்பம் அமெரிக்காவில் வந்து இறங்கியது. சிறகுமில்லை, அலகுமில்லை என்று அதைச் சமையலறை, மருத்துவமனைச் சாமான் பட்டியலில் போட்டு 40 சதவீத வரி கேட்டார்கள். வழக்கு 1928இல் சிற்பிக்குச் சாதகமாக முடிந்தது. வரி விஷயத்துக்கு அது போதும். பட்டறையில் அந்தத் தீர்ப்பால் ஒரு பயனும் இல்லை. நாளைக்குக் காலையில் எந்த நீலம் என்று நீதவான் வந்து சொல்லப்போவதில்லை.

கேள்வி: ஏ.ஐ.யிடம் ஐம்பது படம் எடுத்து ஒன்றைத் தெரிவு செய்தேன். நான் கலைஞனா?

பதில்: தெரிவு செய்வதும் முடிவுதான், போட்டோக்காரர் காலம்காலமாகச் செய்வது. மற்ற நாற்பத்தொன்பதை ஏன் தள்ளினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், பிறகு கதைப்போம்.

கேள்வி: மகள் ஏ.எல்.லில் சித்திரம் எடுக்க நிற்கிறாள். சோறு போடுமா?

பதில்: யாழ் பல்கலைக்கழகத்திலேயே சித்திரமும் வடிவமைப்பும் பட்டப்படிப்பாக இருக்கிறது. படித்து ஆசிரியரானவர்கள் உண்டு, வடிவமைப்பு வேலைக்குப் போனவர்களும் உண்டு. படம் விற்று மட்டும் சீவிப்பவர்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். இப்போதைக்கு ஒரு வரைதற்கொப்பி வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதைத் திறந்து காட்டி, அவளை வெட்கப்பட வைக்காதீர்கள்.